குடிக்கூலியும் கையெழுத்தும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீடு வாடகைக்கு விடுவோரும் வாடகைக்கு இருப்போரும் அறியத்தக்க சட்டமுறைகளைப் பற்றிச் சிறிது பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். அழைப்பிதழில் இதனைக் கண்ட அன்பர் ஒருவர், 'தமிழாசிரியர்க்கும் வாடகைச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு?' என்று வழியில் எம்மை நிறுத்தி வினவினார். வினா தக்கதே. யாம் வக்கீல் அல்லேம். இருபதாண்டாய்ப் பிள்ளைகட்குப் புணர்ச்சி விதி சொல்லிப் பிழைப்பவரேம். ஆயினும் பதினான்கு ஆண்டு குடிக்கூலி கொடுத்து நான்கு வீடு மாறினோம்; பின்னர்க் கடன் வாங்கிச் சிறியதொரு மாடி கட்டி அதனை வாடகைக்கு விட்டு, வீட்டுக்காரர் என்னும் பெயரையும் எய்தினோம். இரு கரையிலும் நின்று ஆற்றைப் பார்த்தவர் என்னும் அவ்வளவே எம் தகுதி. அன்றியும், எம் வாய்ச்சொல்லால் இச்சங்கத்துக் குடும்பமொன்றுக்கு நேர்ந்த கேடு ஒன்று உண்டு. அதனைச் சொல்லாது இப்பொருளைப் பேசுதல் நேர்மையாகாது. அதற்கு உரிய இடத்தில் சொல்வோம்.

நம்மவரிற் பலர்க்கு நிலமில்லை, பெருவாணிகமும் இல்லை. வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருளைக்கொண்டு கட்டிய வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு, அவ்வருவாயால் முதுமையை ஓட்டுவோரே மிகுதி. கணவனை இழந்த தாய்மார் சிலர்க்கு அவ்வாடகையன்றி வேறு வரவில்லை. மற்றொரு பாதியார் வாடகை கொடுத்து வாழ்கின்றனர். ஆதலின் இஃது எவரோ சிலர்க்குரிய பொருளன்று.

பெரியபுராணத்தில் சுந்தரமூர்த்தி நாயனாரைத் தடுத்தாட்கொண்ட வரலாற்றை நீவிர் அறிவீர். திருமணப் பந்தரில் வந்து நின்ற முதிய வேதியர், 'இவன் எனக்கு அடிமை' என்று வழக்கிட்டார். நம்பியாரூரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. ஆங்கிருந்த பெரியோர் வேண்டிய சான்றுகள் மூன்று: வழிவழி வந்த ஆட்சி, எழுதிய ஆவணம், அயலார் காட்சி. கிழிக்கப்பட்டது படியோலையே, மூலவோலை முதியவரிடம் பத்திரமாக இருந்தது. பாட்டனார் கைந்நாட்டைப் பழைய ஓலையொன்றோடு ஒப்புநோக்கி அவையினர் தீர்ப்புரைத்தனர். வகுப்பில் இப்பகுதியை நடத்துந்தோறும் எமக்குத் தோன்றுவது ஒன்று: அடியானை ஆட்கொள்ள வந்த இறைவனே கையில் ஆவணமின்றி வரவில்லை, மூலத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டே படியை நீட்டினார். நம் சங்கத்தாரோ இலட்சக்கணக்கான ரூபாயைக் கைமாற்றிவிட்டு, 'நமக்குள் எழுத்து எதற்கு?' என்கின்றனர்.

நிற்க. சட்டம் வந்த வழியைச் சுருங்கக் கூறுவோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நகரங்களில் வீடு அரிதாகி வாடகை ஏறியபோது, 1941ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசினர் வாடகையைக் கட்டுப்படுத்தும் ஆணை பிறப்பித்தனர். போர் முடிந்தும் அக்கட்டுப்பாடு நீங்கவில்லை. 1946இலும் 1949இலும் தனிச்சட்டங்களாக உருக்கொண்டு, 1960ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்று, ஏறக்குறைய அறுபதாண்டு ஆட்சி செய்தது. அதன்படி வீடு காலியானால் உரிய அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். அரசினர் தம் அலுவலர்க்கென அவ்வீட்டை எடுத்துக்கொள்ளவும் கூடும். நியாய வாடகையென்பதும் கணக்கிட்டு விதிக்கப்பட்டது. குடியிருப்பு வீடாயின் அதன் மொத்த மதிப்பில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 9, பிற கட்டிடமாயின் நூற்றுக்கு 12. குடியிருப்போர்க்கு அது பெரிய அரண். ஆயின் அவ்வரணுக்குள் புகுந்த சிலர் தந்தை காலத்து வாடகையை மகன் காலத்திலும் கொடுத்து வந்ததும், வீட்டுக்காரர் சிலர் வழக்குக்கு அஞ்சி வீட்டைப் பூட்டியே வைத்ததும் நம் தெருக்களிலேயே கண்ட காட்சிகள்.

அப்பழஞ்சட்டத்தை நீக்கி வந்ததே, தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம். 2017இல் இயற்றப்பெற்று 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பெயர் நீண்டது, அதன் உயிர்நிலை சிறியது. வாடகை இவ்வளவு என்று அரசு விதிப்பதில்லை. இருவரும் உடன்பட்டதே வாடகை. ஆனால் அவ்வுடன்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும். எழுதியதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தல் வேண்டும். இவ்வதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். மாவட்ட ஆட்சியரால் அமர்த்தப்படுபவர். இதற்கென அரசினர் அமைத்த இணையத்தளத்தில் இருவர் விவரங்களோடு உடன்படிக்கையை ஏற்றினால், பதிவெண் ஒன்று கிடைக்கும். அவ்வெண்ணே இனி வீட்டுக்காரர்க்கும் குடியிருப்போர்க்கும் பொதுவான காப்பு.

ஈண்டுப் பலர்க்கு ஓர் ஐயம் எழும். 'யாம் பதினொரு மாதத்துக்கே எழுதுகின்றோம்; அதற்குப் பதிவு எதற்கு?' என்பர். இப்பதினொரு மாத வழக்கம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைக் கருதி வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்தல் வேண்டும் என்று அச்சட்டம் கூறும். அச்செலவுக்கு அஞ்சியோர் ஒரு மாதம் குறைத்து எழுதிக்கொண்டனர். புதிய சட்டத்தின் பதிவு அதனின் வேறானது. பதினொரு மாதமாயினும் ஒரு மாதமாயினும் வாடகை அதிகாரியிடம் பதிவு வேண்டும். வேண்டிய பதிவைச் செய்யாத தாள், அவ்வுடன்படிக்கையை மெய்ப்பிக்கும் சான்றாக ஏற்கப்படுவதில்லை. அன்றியும், எழுத்துடன்படிக்கை செய்துகொள்ளத் தவறியதுவே வீட்டைத் திரும்பப் பெறுதற்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் வைக்கப்பட்டுளது. எனவே வாய்ச்சொல்லை நம்பி இருக்கும் குடியிருப்போர், தம் காலடி மண்ணைத் தாமே தளர்த்திக்கொண்டவர் ஆவர்.

இனி, முன்னர்ச் சொல்வோம் என்றதைச் சொல்லுவோம்.

சில ஆண்டுகட்கு முன் நம் சங்க உறுப்பினர் ஒருவர் ஒத்திக்கு வீடு தேடினர். ஒத்தி என்பதை இக்காலத்தார் 'லீசு' என்பர். வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை என்னும் அவ்வேற்பாடு நம்மவர்க்கு மிக உவப்பானது. மாதந்தோறும் கைப்பொருள் கரையாது, முழுத்தொகையும் பின்னர்த் திரும்பும் என்னும் எண்ணம். அவரிடம் மகளின் மணத்துக்கெனச் சேர்த்த 6 இலட்சம் ரூபாய் இருந்தது. அதே வேளையில் நம் மரபினரான மற்றொருவர் தம் வீட்டை ஒத்திக்கு விட ஆள் தேடினர். இருவரையும் கூட்டிவைத்தவர் யாமே. பணம் கொடுப்பவர் சிறிது தயங்கி, 'முறையாக எழுதிப் பதிந்துகொள்ளலாமா?' என்றார். வீட்டுக்காரர் நகைத்து, 'என்ன மாமா, நம் ஆட்களுக்குள் ரிஜிஸ்தர் ஆபீசா? அதுதான் வாத்தியாரே நடுவில் இருக்கிறாரே' என்றார். யாமும் நகைத்தோம். இருபது ரூபாய் முத்திரைத் தாள் ஒன்றில் பத்து வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டனர். சாட்சியாக யாம் இட்டோம்.

மூன்றாம் ஆண்டில் அவ்வீட்டுக் கதவில் வங்கியின் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஒத்திக்கு விடுமுன்னரே வீட்டுப் பத்திரங்களை ஒப்படைத்து வீட்டுக்காரர் கடன் பெற்றிருந்தனர். தொழில் நொடித்தது, தவணை நின்றது, 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கியார் வீட்டைக் கைக்கொள்ள வந்தனர். குடியிருந்தவர் எம் கையெழுத்திட்ட தாளை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினர். அவர் அதனைப் படித்துவிட்டு மடித்துத் திரும்பக் கொடுத்தார் என்று எமக்குச் சொன்னார். அத்தாளில் எம் கையெழுத்து மிக அழகாக அமைந்திருக்கும்; அதற்கு மேல் அஃது எதற்கும் பயன்பட்டிலது.

செய்தி சங்கத்துக்கு வந்தது. பெரியோர் நால்வர் கூடிப் பேசினர். வீட்டுக்காரரிடம் கொடுக்கப் பொருளில்லை, அழுகையே இருந்தது. ஈராண்டில் ஒன்றரை இலட்சம் சிறிது சிறிதாகத் திரும்பிற்று. மணம் தள்ளிப்போயிற்று. பொங்கல்தோறும் கரும்பும் மஞ்சட்கொத்தும் கொண்டு எம் வீட்டுக்கு வரும் அக்குடும்பத்தார் அதன்பின் வந்திலர். எம்மை அவர் ஒரு சொல்லும் கடிந்ததில்லை. கடிந்திருப்பின் எமக்கு எளிதாயிருந்திருக்கும்.

அந்நாளில் யாம் அறிந்திருக்கவேண்டியவை யாவை? ஒத்தி என்பது சட்டத்தின் கண்ணில் அடைமானம். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி, அசல் தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ ஆயின், பத்திரங்களை ஒப்படைத்துப் பெறும் கடனன்றிப் பிற அடைமானம் எதுவும் பதிவு செய்த ஆவணத்தாலேயே செல்லும். இரு சாட்சிகளும் வேண்டும். 'ஒத்தியன்று, ஆண்டுக் குத்தகையே' என்று வாதிடினும், ஓராண்டைக் கடந்ததற்குப் பதிவு வேண்டும். ஆக எவ்வழி நோக்கினும் பதிவில்லாத அத்தாள் நில்லாது. மேலும், கடனுக்கு ஈடாக வைத்த கட்டிடத்தை உரிமையாளர் வாடகைக்கு விடலாமாயினும், அது மூன்றாண்டுக்கு மேற்படலாகாது, முன்கூட்டி வாடகையோ தனித்தொகையோ பெறலாகாது என்று அச்சட்டமே கூறுகின்றது. கடன் பத்திரத்தில் வேறு விதி இருப்பின் அதுவும் கட்டும். பெருந்தொகை வாங்கிக்கொண்டு வாடகையின்றி விட்டால் அதனை வங்கியார் மதிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். பதியாத தாளையோ வாய்ச்சொல்லையோ நம்பியிருப்போர், வங்கியாருக்கு எதிராக ஓராண்டுக்கு மேல் வீட்டைப் பற்றி நிற்க இயலாது என 2019இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்புரைத்துளது.

இத்தனைக்கும் மாற்று, ஒரு தாளில் இருந்தது. பதிவுத்துறையின் வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்த்திருப்பின் அப்பத்திர ஒப்படைப்பு அதில் தோன்றியிருக்கும். இப்போது அதனை வீட்டிலிருந்தபடியே இணையத்தளத்திற் பார்க்கலாம். வாடகைக்குச் செல்வோர் பெரும்பாலும் தண்ணீர் வருமா, காற்று வருமா என்று பார்ப்பர். பெருந்தொகை கொடுப்போர் அவற்றுக்கு முன் வில்லங்கம் பார்த்தல் வேண்டும். வீட்டுக்காரரைப் பார்த்து இதனைக் கேட்பது அவமதிப்பு என்று எண்ணுவோர் உளர். எம் மாடியைக் காண வந்தவர் வில்லங்கச் சான்றைக் கையிற்கொண்டே வந்தார், அவரையே தேர்ந்தோம்.

இனிச் சிறியனவாகத் தோன்றி நாடோறும் பூசல் விளைப்பனவற்றுக்கு வருவோம். முதலாவது முன்பணம். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுதல் தகாது என்பது சட்டம். இலக்கணத்தில் 'ஒழித்து' என்னும் ஒரு சொல் விதி முழுவதையும் மாற்றுதல் போல, 'வேறு உடன்பாடு இல்லாதவிடத்து' என்னும் இவ்விடைவெளியில் ஆறு மாதமும் பத்து மாதமும் நுழைகின்றன. எழுதிக்கொடுத்தபின் வருந்திப் பயனில்லை; எழுதுமுன் பேசுக. காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய கழிவு போக மீதியைத் திருப்புதல் வேண்டும். யாம் குடியிருந்த மூன்றாம் வீட்டில் வெள்ளையடிக்கும் செலவென்று முன்பணத்திற் பாதியைப் பிடித்துக்கொண்டனர். சட்டத்தின் அட்டவணையைப் பின்னாளிற் படித்தபோது, சுவர்க்கு வெள்ளையடித்தலும், கதவு சன்னலுக்கு வர்ணம் பூசுதலும், குழாய்களை மாற்றுதலும், மின்கம்பி போடுதலும், கட்டிடத்தின் உறுதி பற்றிய பழுதுகளும் வீட்டுக்காரர் பங்கு என்று கண்டோம். குழாய்த் திருகு, மின் சொடுக்கி, பூட்டு, தாழ்ப்பாள், சன்னற் கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியன குடியிருப்போர் பங்கு. வீட்டுக்காரர் தம் பங்கைச் செய்ய மறுப்பின் குடியிருப்போர் தாமே செய்து வாடகையிற் கழித்துக்கொள்ளலாம், இரசீது வைத்துக்கொள்க.

மின்சாரக் கணக்கைப் பற்றித் தாய்மார்கள் கட்டாயம் கேட்பீர். வீட்டிணைப்புக்குக் குறிப்பிட்ட அளவு அலகு இலவசம் என்று அரசினர் அளிக்கின்றனர். ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம் வைத்து உள்மீட்டர் மாட்டி, அலகுக்கு இவ்வளவென்று தாமே ஒரு கட்டணம் விதித்து வசூலிக்கும் வீட்டுக்காரர் நம்மிலும் இலரல்லர். மின்வாரியம் நமக்கு விற்பதை நாம் கூட்டி விற்பது வாணிகம், வாடகையன்று. இயலுமாயின் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனியிணைப்புப் பெறுக. இயலாதாயின் வாரியத்தின் கணக்குச் சீட்டைக் காட்டிப் பங்கிடுக.

சினத்தால் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவது முற்றும் குற்றம். வாடகை பாக்கியே ஆயினும் இவ்வழியில் ஆளை வெளியேற்றல் ஆகாது; குடியிருப்போர் வாடகை அதிகாரியிடம் முறையிட்டால் உடனே திரும்ப அளிக்குமாறு இடைக்கால ஆணை வரும். வீட்டைப் பார்வையிட விரும்பினும் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தால் அறிவித்தல் வேண்டும். தாம் கட்டிய வீடாயினும், பிறர் குடிபுகுந்தபின் அதன் கதவு அவர் கதவு.

வீட்டுக்காரர்க்குச் சட்டம் காப்பளிக்கவில்லை என்று கருதற்க. இரு மாத வாடகை நின்று, அறிவிப்புக் கொடுத்தும் செலுத்தாதவரையும், எழுத்தால் இசைவு பெறாது பிறர்க்கு உள்வாடகைக்கு விட்டவரையும் வாடகை நீதிமன்றத்தின் ஆணையால் வெளியேற்றலாம். உடன்படிக்கைக் காலம் முடிந்தும் காலி செய்யாதவர், இருக்கும் நாள்வரை இருமடங்கு வாடகை கொடுத்தல் வேண்டும். காலத்துக்கிடையில் எவரேனும் இறப்பின், எஞ்சிய காலத்துக்கு அவ்வுடன்படிக்கை வழித்தோன்றல்களையும் கட்டும். தனியே வாழும் கைம்பெண்களுக்கு இப்பகுதி நல்ல துணை. ஆயின் பதிவெண் இருந்தாலே இத்துணை கிட்டும்.

'வாடகைக்கு விட லைசென்சு வேண்டுமா?' என்று செயலாளர் எம்மிடம் தனியே கேட்டனர். ஒரு குடும்பத்துக்கு வீடு விடுதற்கு லைசென்சு என ஒன்றில்லை; மேற்கூறிய பதிவே போதும். ஆயின் அறை அறையாகப் பிரித்து மாணவியர்க்கும் வேலைபார்க்கும் மகளிர்க்கும் உணவோடு உறைவிடம் அளித்தால் அது விடுதியாகும். மகளிர், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்தும் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறுதல் வேண்டும். நம்மவர் வீடுகளில் இவ்வகை இரண்டொன்று உரிமமின்றி நடப்பதை யாமறிவோம், பெயர் சொல்லோம். வெளிநாட்டார்க்கு இடம் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் உரிய அதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தருமாறு 2012இல் சென்னைக் காவல் ஆணையர் 144ஆம் பிரிவின்கீழ் ஆணையிட்டார். அத்தகைய ஆணைகள் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப வருவன. ஆதலின் தத்தம் காவல் நிலையத்திற் கேட்டு அறிந்துகொள்க. முன்னறையைக் கடைக்கு விட்டால் மின்கட்டண வகையும் சொத்துவரியும் மாறும். வருமானவரிக் கணக்கில் வாடகையைக் காட்டுதல் வேண்டும். செலுத்திய சொத்துவரி போக மீதியில் நூற்றுக்கு 30 கழிவு உண்டு.

இறுதியாக ஒன்று, இது சிலர்க்குக் கசக்கும். வீடு கேட்டு வந்தவரிடம் நாம் முதலில் வினவுவது, 'நீங்கள் எந்த ஆட்கள்?' என்பதே. நம் மரபினர் என்றறிந்தால் பிறவற்றைக் கேளாமல் சாவியை நீட்டுகின்றோம்; அல்லரெனின், எத்துணை நல்லவராயினும், வீடு வேறொருவர்க்குச் சொல்லியாயிற்று என்கின்றோம். சென்னையிலும் பெங்களூரிலும் வேலைக்குச் சென்ற நம் பிள்ளைகள் அதே வினாவுக்கு விடைசொல்லித் தெருத்தெருவாய் அலைந்ததை விடுமுறைக்கு வரும்போது அவர்களே சொல்லக் கேட்டிருக்கின்றோம். அப்போது நமக்கு அது கொடுமையாகத் தோன்றியது. யாம் சொன்ன வழக்கில் பணம் கொடுத்தவரும் நம்மவர், வாங்கியவரும் நம்மவர், நடுவில் நின்றவரும் நம்மவர். மூவரில் ஒருவரேனும் அயலாராயிருந்திருப்பின் பத்திரம் பதிவாகியிருக்கும் என்று யாம் பலகால் எண்ணியதுண்டு. இப்போது எம் மாடியில் இருப்பவர் நம் மரபினர் அல்லர். வாடகை ஐந்தாம் நாள் வந்துவிடுகின்றது; வங்கிக் கணக்கில் ஏறுவதால் இரசீதுக்கு வழக்கில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் நம் சங்கக் கட்டிடத்தில், நம் உறுப்பினரான வக்கீல் ஒருவரும், கணினி அறிந்த இளைஞர் இருவரும் இருந்து உடன்படிக்கை எழுதவும் பதிவு செய்யவும் உதவுவர். வீட்டுக்காரரும் குடியிருப்போரும் சேர்ந்தே வருக. இருவர் நிழற்படமும், ஆதார் அட்டையும், சொத்துவரி இரசீதும், மின் இணைப்பெண்ணும் கொண்டு வருக. ஒருவர் வர மறுப்பின் மற்றவர் தனித்து வந்தும் தம் விவரத்தைத் தாக்கல் செய்யலாம். மாதிரிக்கென எம் மாடிவீட்டு உடன்படிக்கையின் படியொன்றை அலுவலக மேசைமேல் வைத்திருக்கின்றோம். விரும்புவோர் பார்த்து எழுதிக்கொள்க. வாடகைத் தொகை எழுதிய இடத்தைக் கண்டு நகையாதிருப்பின் நன்று.